எதையும் விழுங்கும் வாய்: ‘ஸ்லீப்பி ஹாலோ’ கதையின் வாத்தியார்

ஸ்லீப்பி ஹாலோ என்றதும் நினைவுக்கு வருபவன் தலையில்லாத குதிரைவீரன்தான். திரைப்படங்களும் கார்ட்டூன்களும் அவனை அப்படி வளர்த்துவிட்டன. வாஷிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்ட மூலக் கதையைத் தேடிப் படிப்பவர்கள் சற்று ஏமாந்துபோகிறார்கள். குதிரைவீரனைப் பற்றிய பேச்சு தொடக்கத்திலேயே வந்தாலும், அவன் நேரில் தோன்றுவது கதை முடியப்போகும் நேரத்தில். தோன்றிய வேகத்தில் மறைந்தும்விடுகிறான். அதுவரை பக்கம் பக்கமாக விரிவது சாப்பாடு: வாத்து, பன்றி, புறா, பீச் பழம், எண்ணெயில் பொரித்த டச்சுப் பலகாரங்கள். அத்தனைக்கும் நடுவே நிற்பவன் ஒல்லியான ஒரு பள்ளி வாத்தியார். கதையின் பாத்திரங்களையும் மொழியையும் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பேயைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு இந்த வாத்தியாரின் வாயைப் பின்தொடர்வது நல்லது. இர்விங்கின் சொற்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

கதை சிறியது. நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில், டாரிடவுன் என்ற ஊருக்கு அருகில் ஸ்லீப்பி ஹாலோ என்ற பள்ளத்தாக்கு. அங்கே வாழ்பவர்கள் பழைய டச்சுக் குடியேறிகளின் வழிவந்த விவசாயிகள். 1790 வாக்கில், கனெக்டிகட்டிலிருந்து இக்கபாட் கிரேன் என்ற ஏழை வாத்தியார் பிழைப்புத் தேடி வருகிறான். பால்டஸ் வான் டாசல் என்ற பெரிய பண்ணைக்காரரின் ஒரே மகள் கேத்ரினாமீது கண் வைக்கிறான். ஊரின் முரட்டு இளைஞன் பிராம் போன்ஸுக்கும் அவள்மீது ஆசை. வான் டாசல் வீட்டு விருந்து முடிந்த இரவில் கேத்ரினாவிடம் தனியே பேசிவிட்டு, முகம் வாடித் திரும்பும் இக்கபாட்டைத் தலையில்லாத குதிரைவீரன் துரத்துகிறான். சேணத்தில் வைத்திருந்த தன் தலையைத் தூக்கி அவன்மேல் எறிகிறான். மறுநாள் ஓடைக் கரையில் வாத்தியாரின் தொப்பி கிடக்கிறது, பக்கத்தில் சிதறிய பரங்கிக்காய் கிடக்கிறது. ஆளைக் காணவில்லை.

இர்விங் 1783இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1798இல் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது வீட்டார் அவரை டாரிடவுனுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கை அவர் அறிந்தது அப்போதுதான். கதையை எழுதியதோ பல ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தில். அங்கே குடும்பம் நடத்திவந்த வணிகம் 1818இல் திவாலாகியிருந்தது. மணமாகாதவர், முப்பத்தைந்து வயது, கையில் எழுத்தைத் தவிர வேறு தொழில் இல்லை. ‘ஸ்கெட்ச் புக்’ என்ற தொகுப்பு 1819 ஜூன் முதல் தவணை தவணையாக அமெரிக்காவில் வெளிவந்தது. அவருடைய இன்னொரு புகழ்பெற்ற கதையான ரிப் வான் விங்கிள் முதல் தவணையில் வந்தது. ஸ்லீப்பி ஹாலோ 1820 மார்ச்சில், ஆறாம் தவணையில். அதே 1820இன் தொடக்கத்தில்தான் எடின்பரோவின் புகழ்பெற்ற விமர்சன இதழில் சிட்னி ஸ்மித், உலகின் நான்கு திசைகளிலும் அமெரிக்கப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள் என்று கேலியாகக் கேட்டார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் பரிந்துரையால் இர்விங்கின் தொகுப்பை லண்டனில் பதிப்பாளர் ஜான் மர்ரே அதே ஆண்டில் எடுத்து வெளியிட்டார். ஆங்கிலேயர்கள் விரும்பிப் படித்தார்கள். சோற்றுக்காக எழுதியவர் சோற்றைப் பற்றியே எழுதினார் என்று சொல்லத் தோன்றும். அது கொஞ்சம் மலிவான விளக்கம். ஆனாலும் முழுப் பொய் இல்லை.

இக்கபாட்டை அறிமுகப்படுத்தும் பத்தியில் ஏறக்குறைய மனிதனே இல்லை. நெட்டை உடம்பு, ஒடுங்கிய தோள், சட்டைக் கையிலிருந்து ஒரு மைல் வெளியே தொங்கும் கைகள், மண்வெட்டியாகப் பயன்படக்கூடிய பாதங்கள், சிறிய தட்டைத் தலை, பெரிய காதுகள், பச்சைக் கண்ணாடிக் கண்கள், உள்ளான் பறவையின் அலகு போன்ற மூக்கு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டக் கூரைமேல் வைக்கும் சேவல் பொம்மையாக அவன் தலை தெரிகிறது. காற்றுள்ள நாளில் மலைச்சரிவில் ஆடைகள் படபடக்க நடந்துவந்தால், பஞ்சத்தின் தேவதையே பூமிக்கு இறங்கி வருகிறது என்றோ, சோளக்கொல்லைப் பொம்மை ஓடிப்போகிறது என்றோ நினைக்கலாம் என்கிறார் இர்விங். உடம்பின் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றி வைத்துவிட்டு, அவற்றைத் திரும்பப் பொருத்தாமல் விட்டுவிடுகிறார். கேலிச்சித்திரக்காரரின் முறை இது. பஞ்சம் என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த பக்கங்களில் அதற்கு வேலை இருக்கிறது.

ஏனென்றால் இந்தப் பஞ்ச உடம்புக்குள் மலைப்பாம்பின் வயிறு இருக்கிறது. சம்பளம் அன்றாட ரொட்டிக்கே போதாது. அக்கால நாட்டுப்புற வழக்கப்படி, மாணவர்களின் வீடுகளில் வீட்டுக்கு ஒரு வாரம் என்று தங்கிச் சாப்பிடுகிறான். அவனுடைய உடைமை முழுவதும் ஒரு பருத்திக் கைக்குட்டைக்குள் அடங்குகிறது. பள்ளி விட்டதும் சின்னப் பையன்களை வீடுவரை கொண்டுபோய் விடுவான். எல்லாப் பையன்களையும் அல்ல. அழகான அக்கா உள்ள பையனை, அல்லது சமையலில் பெயரெடுத்த தாய் உள்ள பையனை. பிரம்படியிலும் கணக்கு உண்டு. நோஞ்சான் பிள்ளைகளை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சேர வேண்டிய அடியையும் முரட்டு டச்சுப் பையன்களுக்குச் சேர்த்துக் கொடுப்பான். பெற்றோருக்கு ஆற்றும் கடமை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். இர்விங் இதை எல்லாம் நல்லவனைப் புகழும் குரலில் சொல்லிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அடியில் தந்திரம் ஒன்று தெரிகிறது. அந்தக் குரலுக்கும் சொல்லப்படும் செய்திக்கும் உள்ள இடைவெளியைக் கேட்கப் பழகிக்கொண்டால் இர்விங்கின் மொழியில் பாதியைப் பிடித்துவிடலாம்.

மீதிப் பாதி தின்னும் சொற்களில் இருக்கிறது. இக்கபாட் பேய்க்கதைப் பிரியன். நியூ இங்கிலாந்தின் சூனியக்காரிகளைப் பற்றிக் காட்டன் மேதர் என்ற பாதிரியார் எழுதியவை அவனுக்கு மனப்பாடம். மாலை மங்கும்வரை புல்லில் படுத்து அவற்றைப் படிப்பான். குளிர்கால இரவுகளில் டச்சுக் கிழவிகள் அடுப்பருகே நூல் நூற்கும்போது கூட உட்கார்ந்து கதை கேட்பான். இதைச் சொல்லும்போது இர்விங் நம்பிக்கை, அறிவு, கற்பனை என்ற சொற்களை நாடுவதில்லை. அதிசயங்கள்மீது அவனுக்கு இருந்த பசியும், அவற்றைச் செரிக்கும் வலிமையும் அசாதாரணமானவை என்கிறார். எவ்வளவு பெரிய கதையானாலும் அவன் தொண்டைக்குள் இறங்கிவிடும். பேய்க்கதையும் ஒரு கவளம்தான்.

இந்தச் சொற்களின் உச்சம் வான் டாசல் பண்ணையைப் பார்க்கும் பத்தி. கதையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் உண்டு என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். இக்கபாட் கண்ணுக்கு உயிருள்ள எதுவும் தெரிவதில்லை. பன்றிகள் வாயில் ஆப்பிளுடன் வறுபட்டு ஓடுகின்றன. புறாக்கள் மாவுப் போர்வை போர்த்திக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கின்றன. பெருவாத்துகள் தங்கள் குழம்பிலேயே நீந்துகின்றன. வாத்துகளோ புதுமணத் தம்பதிகளைப் போலத் தட்டில் ஜோடி ஜோடியாக அமர்ந்திருக்கின்றன. குடும்பம் நடத்தப் போதுமான வெங்காயக் குழம்பு அவர்களுக்குச் சொத்தாக இருக்கிறது. கொல்லும் வேலை எங்கே நடந்தது என்றே தெரியவில்லை. படுக்கை, போர்வை, தம்பதி, சொத்து என்று கல்யாண வீட்டுச் சொற்களால் சமையலறையைச் சொல்கிறார் இர்விங். காரணம் உண்டு. சற்று முன்பு கேத்ரினாவைச் சமையலறைச் சொற்களால் சொல்லியிருக்கிறார்: கௌதாரி போல் கொழுத்தவள், தந்தையின் பீச் பழம் போல் கனிந்து சிவந்தவள், அழகுக்காக மட்டுமன்றி வரப்போகும் சொத்துக்காகவும் ஊரறிந்தவள். மணப்பெண்ணுக்கு உணவின் மொழி, உணவுக்கு மணவீட்டின் மொழி. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, இக்கபாட்டின் காதல் எப்படிப்பட்டது என்பதை வாசகரிடம் நேராகச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார்.

அதே கனவு இன்னும் நீள்கிறது. வயல், தோப்பு எல்லாவற்றையும் விற்றுப் பணமாக்கி, அந்தப் பணத்தை மேற்கே காட்டு நிலத்தில் போட்டுவிடலாம் என்று கணக்கிடுகிறான். வண்டி நிறையத் தட்டுமுட்டுச் சாமான், அதன்மேல் கேத்ரினா, சுற்றிலும் பிள்ளைகள், கென்டக்கிக்கோ டென்னசிக்கோ போகிறார்கள். தானோ குட்டி தொடர வரும் பெட்டைக் குதிரையில் பின்னால். ஊர்ப் பெயர்களை அடுக்கிவிட்டு, ‘அல்லது கடவுளுக்கே தெரிந்த இடத்துக்கு’ என்று முடிக்கிறார் இர்விங். நகைச்சுவையாகப் படித்துக் கடந்துவிடக்கூடிய இடம். கதையின் நரம்பு இங்கேதான் ஓடுகிறது. பிரிட்டனுக்கு எதிரான புரட்சிப் போர் முடிந்தபின் அமெரிக்கா மேற்கு நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. கனெக்டிகட் ஆண்டுதோறும் காடுவெட்டிகளையும் கிராம வாத்தியார்களையும் நாடு முழுவதற்கும் அனுப்பிவைக்கும் மாநிலம் என்று இக்கபாட்டை அறிமுகப்படுத்தும்போதே சொல்லியாயிற்று. டச்சுப் பள்ளத்தாக்கோ, ஓயாமல் மாறும் நாட்டுக்குள் மாறாத ஒரு குட்டை. வான் டாசலுக்கு நிலம் என்றால் உட்காரும் இடம், இக்கபாட்டுக்கு அது கைமாற்றிவிடக்கூடிய பணம். அவனுக்குக் கேத்ரினா கிடைத்திருந்தால் அந்தப் பண்ணையே மிஞ்சியிருக்காது. ஊர் அவனை வெளியே துப்பிவிட்டதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் பிராம் போன்ஸைச் சரியாகப் படிக்க வேண்டும். பாடக் குறிப்புகளில் அவனை வில்லன் என்று எழுதிவிடுகிறார்கள். இர்விங் அப்படி எழுதவில்லை. ஹெர்குலிஸ் உடம்பு, சுருட்டை முடி, நரிவால் தொங்கும் தொப்பி, டேர்டெவில் என்ற குதிரை. ஆனால் குணத்தில் கெடுதலைவிடக் குறும்புதான் அதிகம். பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து சாமான்களைத் தலைகீழாக்கிவைக்கிறான், சூனியக்காரிகள் கூட்டம் போட்டார்கள் என்று வாத்தியார் நம்பிவிடுகிறான். இக்கபாட் நடத்தும் பைபிள் சங்கீதப் பாட்டு வகுப்பின்போது புகைபோக்கியை அடைத்துவிடுகிறான். இக்கபாட்டின் ராகத்துக்குப் போட்டியாக ஊளையிட நாயொன்றைப் பழக்குகிறான். இக்கபாட் கதைகளை உண்பவன் என்றால் பிராம் கதைகளைச் சமைப்பவன். விருந்து இரவில், தான் அந்தக் குதிரைவீரனோடு பந்தயம் ஓட்டியதாகவும், தேவாலயப் பாலத்தருகே அவன் நெருப்புப் பொறியாக மறைந்ததாகவும் அளக்கிறான். பொறியில் வைக்கும் இரை அது. யார் அதை விழுங்குவார் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த விருந்தில் பேய்க்கதைகளுக்கு முன்னால் போர்க்கதைகள் வருகின்றன. கதை நடப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்தான் போர் முடிந்திருக்கிறது. நீலத்தாடி டச்சுக்காரர் ஒருவர் ஒற்றைப் பீரங்கியால் பிரிட்டிஷ் போர்க்கப்பலையே பிடித்திருப்பார். ஆறாவது வெடியில் பீரங்கி வெடித்துவிட்டது. இன்னொரு பெரியவர் ஒயிட் பிளெயின்ஸ் சண்டையில் துப்பாக்கிக் குண்டை வாளால் தட்டிவிட்டார். வாளைக் கொண்டுவந்து காட்டவும் தயார். தன்னையே வீரனாக்கிக்கொள்ளத் தேவையான அளவு மறதி எல்லோருக்கும் வந்துவிட்ட காலம் என்கிறார் இர்விங். தலையில்லாத குதிரைவீரனும் இதே போரின் மிச்சம்தான்: பிரிட்டனுக்காகக் கூலிக்குப் போரிட வந்த ஹெஸ்ஸியன் படைவீரன், பெயரில்லாத ஏதோ ஒரு சண்டையில் பீரங்கிக் குண்டுக்குத் தலையைக் கொடுத்தவன். தலை எறியும் குதிரைவீரனை ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து இர்விங் எடுத்தார். ஜெர்மானியக் கூலிப்படையாள் என்ற வேடத்தைக் கொடுத்து அவனை அமெரிக்க மண்ணில் இறக்கிவிட்டார். பேயின் கதைக்கும் வீரரின் கதைக்கும் ஒரே எடைதான். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை ‘அமெரிக்க வரலாற்றின் தொலைதூரக் காலம்’ என்று அவர் எழுதுவதும் இந்தக் கேலியின் பகுதியே.

மொழி பேசாத இடங்களும் உண்டு. கேத்ரினா கதை முழுவதிலும் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசுவதில்லை. விருந்து முடிந்ததும் அவளும் இக்கபாட்டும் தனியே என்ன பேசினார்கள் என்ற கேள்வி வரும்போது, எல்லாம் அறிந்த கதைசொல்லி திடீரென்று கையை விரித்து, தனக்குத் தெரியாது என்கிறார். பன்றியின் வாயில் ஆப்பிள் இருந்ததுவரை தெரிந்தவருக்கு இது தெரியவில்லையாம். பிராமின் பொறாமையைத் தூண்ட அவள் வாத்தியாரைப் பயன்படுத்திக்கொண்டாளோ என்று ஒரு சந்தேகத்தை எறிந்துவிட்டு நகர்கிறார். அவளைப் பண்டமாகவே பார்த்தவன் பக்கம் நின்று சொல்லப்படும் கதையில் அவளுக்குக் குரல் கிடைக்காதது பொருத்தம் என்று வாதிடலாம். ஆனால் பிராம் பக்கம் போனாலும் அவளுக்குக் குரல் கிடைப்பதில்லை. இது இர்விங்கின் குறை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. விருந்துக்கு அழைப்புக் கொண்டுவருபவர் ஒரு கறுப்பர். இசை வாசிப்பவர் நரைத்த தலைக் கறுப்பர். நடனத்தைக் கதவிலும் ஜன்னலிலும் நின்று பார்ப்பவர்கள் பண்ணையிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள கறுப்பர்கள். இவர்களை இர்விங் வெள்ளை விழிகளாகவும் பல்வரிசைகளாகவும் மட்டுமே காட்டுகிறார். 1790இல் நியூயார்க் மாநிலத்தில் 21,000க்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தார்கள். ஹட்சன் பள்ளத்தாக்கின் டச்சுப் பண்ணைகளில் அடிமை உழைப்பு சாதாரணம். படிப்படியாக விடுவிக்கும் சட்டம் 1799இல் வந்தது, முழு விடுதலை 1827இல்தான். வான் டாசல் வீட்டு மேசை அப்படி நிரம்பி வழிந்ததற்கு யாருடைய கைகள் உழைத்தன என்று கதை கேட்பதில்லை. இக்கபாட்டையும் உறுப்பு உறுப்பாகக் கழற்றித்தானே காட்டினார் என்று சிலர் கேட்கலாம். அவனுக்குப் பசியும் தந்திரமும் கனவும் கொடுத்தார். இவர்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை.

துரத்தல் காட்சிக்கு வருவோம். கதையின் முற்பகுதியில் வாக்கியங்கள் வேண்டுமென்றே மெதுவாக நகர்கின்றன. ஒரு வாக்கியத்துக்குள் பல கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் சற்றே தூங்கும் இடம். முதன்முறை படிப்பவர்கள் புத்தகத்தை மூடுவது இங்கேதான். அந்த மந்தம் பள்ளத்தாக்கின் தூக்கக் கலக்கம், வாசகருக்கும் அதைப் பிடிக்கவைக்கிறார். குதிரைவீரன் வந்ததும் வாக்கியம் உடைகிறது. ஓட்டம், கற்கள், தீப்பொறி. இக்கபாட் ஏறியிருப்பது ஹான்ஸ் வான் ரிப்பரிடம் இரவல் வாங்கிய கிழட்டு உழவுக் குதிரை, பெயர் வெடிமருந்து. வழி தவறி ஓடுகிறது. சேணம் அவிழ்ந்து விழுகிறது. உயிர் போகும் அந்த நேரத்திலும், அது வான் ரிப்பரின் ஞாயிற்றுக்கிழமைச் சேணமாயிற்றே, திட்டுவாரே என்ற பயம் அவன் மனதில் ஒரு கணம் ஓடுகிறது. இந்த ஒரு நினைப்பில் மட்டும் இக்கபாட் முழு மனிதனாகிவிடுகிறான். அடுத்தவர் பொருளில் வாழ்ந்தவனின் பயம் அது.

இன்னொரு சிறு குறிப்பையும் பலர் கவனிப்பதில்லை. இருட்டில் பயம் வந்தால் சங்கீதப் பாடல் பாடுவது இக்கபாட்டின் வழக்கம். ஊர்த் தேவாலயத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவனும் அவன்தான். அவன் மூக்கிலிருந்து பிறந்த சில நடுக்கங்களை அந்தத் தேவாலயத்தில் இன்றும் கேட்கலாம் என்று இர்விங் முன்பே கேலி செய்திருக்கிறார். குதிரைவீரன் பக்கத்தில் வந்ததும் பாட முயல்கிறான். வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு வரிகூட வரவில்லை. விருந்தையும் கதையையும் நிலத்தையும் விழுங்கத் திறந்தே இருந்த வாய் முதன்முறையாக அடைபடுகிறது. கடைசியில் அவனை வீழ்த்தும் ஆயுதமும் ஒரு காய்கறிதான்.

அதற்குப் பின் ஊர் அவனை மறக்கும் வேகம் கொடூரமானது. கல்யாணமாகாதவன், யாருக்கும் கடன் வைக்காதவன், ஆகவே அவனைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வான் ரிப்பர் அவனுடைய புத்தகங்களையும், கேத்ரினாவைப் பற்றி எழுதிக் கிறுக்கிய கவிதைத் தாளையும் நெருப்பில் போட்டுவிட்டு, படிப்பால் நன்மையே இல்லை என்று தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார். பிராம் கேத்ரினாவை மணக்கிறான். பரங்கிக்காய்ப் பேச்சு வந்தால் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கிழவிகள் பேய்தான் கொண்டுபோனது என்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து நியூயார்க் போய்வந்த ஒரு விவசாயி வேறு செய்தி கொண்டுவருகிறார்: இக்கபாட் உயிரோடு இருக்கிறான், சட்டம் படித்து, அரசியலில் இறங்கி, செய்தித்தாளில் எழுதி, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் ஆகிவிட்டான். பள்ளத்தாக்கு வேண்டாமென்று தள்ளிய பசியை நாடு வேலைக்கு எடுத்துக்கொண்டது.

இதை எல்லாம் யார் சொல்கிறார்கள் என்பது கதை முடிந்த பிறகுதான் தெளிவாகிறது. தொகுப்பின் ஆசிரியராக நிற்பவர் ஜெஃப்ரி கிரேயான், கற்பனைப் பெயர். கதை, மறைந்த டீட்ரிக் நிக்கர்பாக்கரின் காகிதங்களில் கிடைத்தது, அவரும் கற்பனை. நிக்கர்பாக்கர் அதைக் கேட்டது நியூயார்க் நகரப் பெரியவர்களின் கூட்டமொன்றில், வறியவர் என்று தான் பலமாகச் சந்தேகித்த, கசங்கிய உடையணிந்த ஒரு முதியவரிடம். கதை முடிந்ததும் பலமாகச் சிரிக்கிறார்கள். அதிகம் சிரித்த நகரசபைத் துணை உறுப்பினர்கள் பெரும்பாலான நேரம் தூங்கியிருந்தவர்கள். சிரிக்காத ஒருவர் மட்டும், அடர்ந்த புருவத்தோடு, கதையின் நீதி என்ன என்று கேட்கிறார். பேசிக் களைத்த முதியவர் அப்போதுதான் மதுக்கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மெல்லக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தர்க்கப் பாடம் போல மூன்று படியில் ஒரு நீதியைக் கட்டிக்காட்டுகிறார்: வேடிக்கையை வேடிக்கையாக ஏற்றால் எந்த நிலையிலும் இன்பம் உண்டு, பேய்வீரனோடு பந்தயம் ஓட்டுகிறவனுக்குப் பயணம் கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆகவே கிராம வாத்தியாருக்கு டச்சுப் பணக்காரி கிடைக்காமல் போவது அரசுப் பதவிக்கு உறுதியான முதல் படி. கேட்டவர் குழம்பிப்போய், இரண்டொரு இடங்களில் தனக்கு ஐயம் இருக்கிறது என்கிறார். அதற்குக் கதைசொன்னவர், தானே அதில் பாதியை நம்பவில்லை என்று பதில் சொல்கிறார்.